பழுப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது

மழைக்கு இருட்டிய மதியம். ஆய்வகத்தின் குழல்விளக்கு, எரிவதா அணைவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. டெக்னீஷியன் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருக்கிறாள். ஸ்லைடில் இருப்பது அவளுடைய அக்காவின் மார்புக் கட்டியிலிருந்து சீவிய துணுக்கு. மேலே வெறும் எண்தான். யாருடையது என்று வேறு யாருக்கும் தெரியாது. பெருகுகிற செல்லைத் தேடிப் பிடித்துப் பழுப்பாகக் காட்டிக்கொடுப்பது அதன்மேல் விட்ட ஆன்டிபாடி மருந்தின் வேலை; சும்மா இருக்கிற செல் நீலமாகவே இருக்கும். பழுப்பு கூடக் கூட, கட்டி வேகமாகப் பரவுகிறது என்று அர்த்தம். லென்ஸ் வட்டம் முழுக்கத் துருவைத் தூவியது போலப் பழுப்பு. பின்னால் தலைமை மருத்துவர், விருந்தாளிகளிடம் கட்டைவிரல் உயர ஆன்டிபாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டி, தான் பெற்ற பிள்ளையைப் போல அறிமுகப்படுத்துகிறார். பிறகு குனிந்து மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை பார்க்கிறார். “அடடா, சாயம் என்னமா பிடிச்சிருக்கு! கண்ணுல ஒத்திக்கலாம். இத மாநாட்டுல போட்டே ஆகணும்.” “குப்பி கெட்டுப்போயிருக்கும் சார். கண்ட இடத்துலயும் ஒட்டியிருக்கும்,” என்கிறாள். “என் குப்பியவா சொல்ற? ஓரத்துல கன்ட்ரோல் இருக்கே, அதப் பாரும்மா.” ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் கன்ட்ரோலாக, சரிபார்க்க, டான்சில் துணுக்கு ஒன்றை ஒட்டிவைப்பது அவள்தான். அதில் எங்கே பழுப்பு, எங்கே நீலம் என்பது நிச்சயம். பிசகினால் சோதனையே செல்லாது. இத்தனை வருஷமும் அது சரியாக வரவேண்டும் என்று வேண்டியவள், இன்றைக்கு ஒரே ஒரு தடவை சொதப்பு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே ஸ்லைடை நகர்த்துகிறாள். நீலத்தின் இடத்தில் நீலம், பழுப்பின் இடத்தில் பழுப்பு. பாடப்புத்தகத்தில் அச்சடித்தது போல இருக்கிறது. மேசைமேல் ஃபோன் அதிர்கிறது. திரையை எட்டிப் பார்க்கிறார் மருத்துவர். “அக்காவா? எடு, எடு. உன் ஸ்லைடு மாநாட்டுக்குப் போகுதுன்னு சொல்லு.”