சேற்றுக்கு எம், பனிக்கு எஸ்

"இதுவும் வேண்டாம்" என்றான் ஷோர்ஷ்.

லேனி கையிலிருந்த டயரை உருட்டி விட்டாள். அது கோபித்துக்கொண்டது போல அவளுடைய டயர் கடையின் மூலைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்தது.

நடுவில் அவனுடைய மோட்டார் சைக்கிள், பக்கத்தில் ஒட்டிக்கொண்ட சைடுகாருடன், சக்கரங்கள் கழற்றப்பட்டு மரக்கட்டைகள் மேல் நின்றது.

பவேரியக் காட்டில் ஜனவரி. வெள்ளிக்கிழமை மலைப்பள்ளத்தில் குளிர்காலக் கூட்டம். நாடு முழுக்க உள்ள மோட்டார் சைக்கிள் கிறுக்கர்கள் பனியில் கூடாரம் அடித்து, வைக்கோல் மேல் படுத்து, பல் தந்தியடிக்க நடுங்கிவிட்டு, 'அடடா, என்ன சுகம்!' என்று திரும்பிப் போவார்கள்.

லேனியும் கிறுக்குதான். ஆனால் இந்த வருஷம் அவள் வண்டி என்ஜின் பிரிந்து கிடக்கிறது. போவது நிச்சயம். யாருடன் என்பதுதான் பாக்கி.

தீயணைப்புப் படை ஃபெர்டல் காலையிலேயே கேட்டுவிட்டான், தன் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் வருகிறாயா என்று. மத்தியானம் கோயில் மணி அடிக்கும்போது வருவான். பதில் வேண்டுமாம்.

'பார்க்கலாம்' என்று சொல்லி வைத்திருந்தாள். அதற்குள் இந்த ஷோர்ஷ் வாயைத் திறக்க மாட்டானா என்ற நப்பாசை.

திறந்தான். டயரைப் பற்றி மட்டும்.

"இதுல என்னய்யா குறை?" லேனி புது டயர் ஒன்றைத் தூக்கி அவன் மூக்கருகே நீட்டினாள். பக்கவாட்டில் சின்னதாக ஒரு மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. "பனியில ஓட்டிப் பார்த்து, தேறினாத்தான் இந்த முத்திரை. தெரியுமில்ல?"

"அதுல எம் பிளஸ் எஸ் போடலையே."

பழைய குளிர்கால டயர்களில் எல்லாம் அந்த எழுத்து இருக்கும். ஜெர்மனில் சேற்றுக்கு எம், பனிக்கு எஸ்.

"அட, அதை எந்தக் கம்பெனியும் தானே குத்திக்கலாம். யாரும் சோதிக்கிறதில்ல. வெறும் எழுத்து!"

"எனக்கு எழுத்துதான் வேணும்."

சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. எப்போதும் போல அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தான். அங்கே அவளுடைய தொழில் தேர்ச்சிச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. வருகிற போதெல்லாம் அதையே முறைப்பான், பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி.

"வழுக்கிப் போய்ப் பள்ளத்துல விழணும்னு ஆசையா?"

"தனியா விழ ஆசையில்ல" என்று முணுமுணுத்தான். உடனே இருமினான்.

லேனி ஏணியில் ஏறினாள். மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த போன வருஷத்துச் சரக்கு ஒன்றைத் தள்ளினாள். அது தொப்பென்று விழுந்தது. எம் + எஸ்.

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம். ஃபெர்டல்!

ஷோர்ஷின் காதுகள் சிவந்தன. சட்டென்று மேஜை மேலிருந்த மஞ்சள் சாக்கட்டியை, அவள் சக்கரங்களில் அடையாளம் போடும் கட்டியை, எடுத்தான். குனிந்தான். டயரில் இருந்த எழுத்துகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

நல்ல வட்டமில்லை. மேலே நடுவில் உள்வாங்கி, கீழே கூராக முடிந்தது.

லேனி ஏணியிலேயே நின்றாள்.

டயரைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். கடைப் பலகையில் லேனி. ஊர் முழுக்க லேனி. முழுப்பெயர் அந்தச் சட்டத்துக்குள் மட்டும்தான் இருந்தது: மாக்டலேனா.

அவளுக்கே கொஞ்சம் மறந்து போயிருந்த எம்.

"எம் சரி" என்றாள், மெதுவாக இறங்கி வந்து. "ஆனா உன் பேரு ரசீதுல கெயோர்க்னுல்ல இருக்கு? அதுக்கு முதலெழுத்து ஜி. ஜி போட்ட டயரு எவனும் செய்யறதில்லையே."

"ஷோர்ஷ்னுதானே எல்லாரும் கூப்பிடறாங்க" என்றான் அவன், டயரிடம். "அதுக்கு எஸ்தான் முதலெழுத்து."

கதவு திறந்தது. பனியோடு சேர்ந்து ஃபெர்டல் உள்ளே வந்தான், கையில் சூடான இறைச்சி பன்னுடன். "என்ன லேனி, முடிவு பண்ணிட்டியா?"

"இரு, வேலையா இருக்கேன்."

புது டயர்கள் இரண்டை இழுத்து முன்னும் பின்னுமாக வைத்தாள். "இது ரெண்டும் பனிப்பூதான். அது என் தொழில், பேசாதே. சைடுகார் சக்கரத்துக்கு மட்டும் உன் எழுத்து."

எம் + எஸ் டயரை மாட்டி, காற்றுக் குழாயைச் செருகினாள்.

சைடுகார் காலியாகப் போனால் காற்று ஒரு அளவு. ஆள் உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதல். அந்த ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஃபெர்டலுக்கும் தெரியும்.

காற்றுமானியின் முள் ஏறியது. காலி வண்டிக்கான கோட்டைத் தொட்டது.

லேனி குழாயின் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

முள் அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போனது.

ஃபெர்டல் முள்ளைப் பார்த்தான். மஞ்சள் சாக்கட்டிக் கோலத்தைப் பார்த்தான். பெருமூச்சு விட்டுவிட்டு, அவளுக்காகக் கொண்டு வந்த பன்னைத் தானே ஒரு கடி கடித்தான்.

ஷோர்ஷுக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:

"எத்தனை கிலோ ஆளுக்குக் காத்து வைக்கிறே?"

"அதைக் கேக்கற அளவுக்கு நாம இன்னும் பழகல" என்றாள் மாக்டலேனா.