எண்ணி எண்ணிப் பேசுபவர்

"நாளைக்குச் சாரணர் பசங்களுக்கு ரேடியோ வகுப்பு. பேட்ஜ் வாங்குறதுக்கான பாடத்தை நானே நடத்துறதா சர்ச்சுல சொல்லிட்டேன்." காபிக் கோப்பையை நகர்த்திவிட்டு, மேசைமேல் கையை வைத்துக்கொண்டார் வெர்லின்.

"வேணாம்," என்றார் மனைவி நடீன்.

"ஏன்?"

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஆன்டெனாவை மரத்துல கட்டிக் காட்ட அவங்களுக்கு வேற யாரு இருக்கா?"

"கேள்வி கேப்பாங்க."

"அதுக்குத்தான் நீ. பக்கத்துல உக்காந்தா போதும்."

நடீன் மேசையில் சிந்தியிருந்த காபியைத் துடைத்தார்.

"முன்னெல்லாம் வாய் ஓயாம பேசுவ. கொஞ்சம் நிறுத்துன்னு நான் கெஞ்சணும். இப்ப ஒத்தை ஒத்தை வார்த்தையா எண்ணிப் பேசுற."

"விரல் வலிக்குது," என்றார் நடீன்.

வெர்லின் சிரித்தார். நடீன் ஆள்காட்டி விரலை நீட்டிச் சொடக்கெடுத்தார். காய்ச்சலில் கணவரின் காது முழுசாகப் போன பிறகு, புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசும் மோர்ஸைத் தன் அறுபது வயதில் கற்றுக்கொண்ட விரல் அது.

மறுபடி அவருடைய புறங்கையில் தட்டத் தொடங்கினார். இந்த முறை ஒரு முழு வாக்கியம்.

"அந்தக் கிழிஞ்ச ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வந்தா, நான் உன் பக்கத்துல உக்கார மாட்டேன்."