எட்டாம் நம்பர் சீட்டு

"பத்து சீட்டு இருக்கிற ரூம்ல, உங்க சோதனைக்கு என் சீட்டுதான் கிடைச்சுதா தம்பி?"

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் எட்டாம் நம்பர் சீட்டுக்காரி பொரிந்து தள்ளினாள். போன் செய்பவர்களின் விலாசத்தைத் திரையில் காட்டும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன், அவள் மேஜையில் இரண்டாவதாக ஒரு திரையை வைத்து வயரைச் சொருகிக்கொண்டிருந்தான்.

"பயப்படாதீங்கக்கா. ஒரே நொடியில ரெண்டு போன் வந்தா, ஒருத்தர் அட்ரஸ் மேல இன்னொருத்தர் அட்ரஸ் ஏறிக்குதுல்ல? அதைச் சரிபண்ணிப் புதுப் புரோகிராம் போட்டிருக்கேன். எங்க ரூம்ல எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஆனா நிஜமா போன் வர்ற இடத்துல ஓட்டினாத்தான் வண்டவாளம் தெரியும். மத்த ஒன்பது பேருக்கும் பழசுதான். உங்களுக்கு மட்டும் இடது பக்கம் புதுசு, வலது பக்கம் பழசு. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா சிவப்பு லைட் எரியும். இந்தப் பட்டனை அமுக்கினா பழசுக்கே போயிடலாம்."

"எனக்குப் புரியாதா? இந்த ரூம்லயே நான்தான் ஸ்லோ. மேனேஜரே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. எது நாசமாப் போனாலும் இவ சீட்டுல போகட்டும்னுதானே?"

அவன் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

"அப்பா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாருக்கா! சீக்கிரம் வண்டி அனுப்புங்க!" ஒரு பெண்ணின் அலறல்.

இரண்டு திரையிலும் விலாசம் வந்தது. வேறு வேறு விலாசம். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஐயோ, புதுசு சொதப்பிடுச்சு!" இளைஞனின் விரல் பட்டனுக்குப் பாய்ந்தது.

பட்டென்று அந்தக் கையில் ஒரு அடி போட்டாள் சீட்டுக்காரி. "சும்மா இருங்க!" போனில் மட்டும் குரல் கனிந்தது. "அழாதம்மா. எங்க இருக்கேன்னு உன் வாயால சொல்லு. வீட்டுக்கு எதிர்ல என்ன இருக்கு?"

"மேம்பாலத்துக்குக் கீழ... எதிர்ல சைக்கிள் கடைக்கா!"

புதுசு ஓடிய இடது திரையில் இருந்ததும் அந்த மேம்பாலத்தடித் தெருதான். பழைய திரைதான் ஊரின் மறுகோடியைக் காட்டிக்கொண்டிருந்தது. வண்டி பறந்தது.

ஒரு மணி நேரத்தில் அதே பெண் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி அழைத்தாள். "அப்பா கண்ணைத் தொறந்துட்டாருக்கா. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணும்."

சீட்டுக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு இளைஞன் பக்கம் திரும்பினாள்.

"அந்த நன்றி உங்களுக்குச் சேர வேண்டியது தம்பி. உங்களைப் போய் அந்தத் திட்டுத் திட்டிட்டேனே! சரி, இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. நான் ஸ்லோங்கிறதாலதானே என்னைப் புடிச்சீங்க?"

"ஆமாக்கா."

அவள் முகம் சுருங்கியது.

"எல்லாரோட ரெக்கார்டிங்கையும் உக்காந்து கேட்டேன்கா. மத்தவங்க திரையில வர்ற அட்ரஸுக்கு அப்படியே வண்டியை அனுப்பிடறாங்க. நீங்க ஒருத்தர்தான் அதை நம்பாம, ஒவ்வொருத்தர்கிட்டயும் வாய்விட்டுக் கேட்டு லேட் பண்றீங்க. என் புதுசு புட்டுக்கிட்டாலும் யார் உயிரும் போகாத சீட்டு, இந்த ரூம்ல இது ஒண்ணுதான்கா!"