கோடு ஓடும் கேசட்

பெங்களூர் விஜயநகரில் கனகாவின் வீடியோ கடைக்குள் சாயங்கால வெயில் சரிந்து விழுகிறது. டிவியில் சாம்பல் நிறக் கோடுகள் ஓட, நாதஸ்வரம் எருமை முனகுவதுபோல் இழுக்கிறது. சுந்தராம்பாள் மகளின் கல்யாண கேசட் அது. அமெரிக்க டிவிக்கு ஏற்றபடி என்.டி.எஸ்.சி. முறைக்கு மாற்றி நேற்றுத்தான் லேபிலிருந்து வந்தது. சுந்தராம்பாள் முந்தானையால் திரையைத் துடைத்துப் பார்க்கிறாள். கோடு போகவில்லை. “கெட்டுப்போச்சா கண்ணு? அமெரிக்காவுல மகன்கிட்ட இதைக் கொண்டுபோற பக்கத்து வீட்டுக்காரர் இன்னிக்கே பிளேன் ஏறுறாரு.” கனகா அசரவில்லை. அங்கே ஓடவில்லையென்று அந்த மகன் திருப்பி அனுப்பிய பழைய கேசட்டைச் செருகுகிறாள். வாழைமரம், பந்தல், மணப்பெண்ணின் அரக்குப் பட்டு எல்லாம் பளிச்சென்று வருகின்றன. “இங்க இப்படி ஓடுனதுதாம்மா அங்க வெறும் கோடாச்சு. இங்க கோடா ஓடுறது அங்க கண்ணாடி மாதிரி ஓடும். இங்கயே நல்லா ஓடியிருந்தாத்தான் நான் பயந்திருப்பேன்.” திரையில் மணப்பெண்ணின் கையில் பொரி விழுகிறது. சுந்தராம்பாள் கண்ணை எடுக்கவில்லை. “அண்ணன்காரன் போடவேண்டிய பொரி. அவனுக்கு லீவு இல்லைன்னு பெரியப்பன் மகன் போடுறானே, அது அங்க தெரியுமா?” “ஹௌதம்மா,” என்று கன்னடத்தில் ஆமோதிக்கிறாள் கனகா, “தெளிவாவே தெரியும்.” “அப்பச் செரி. அந்தக் கோடு ஓடுறதையே கட்டிக் குடு.”