மூன்றாம் மாடியில் பாசி

கல்கத்தா அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்தபடியே, நூறு மைலுக்கு அப்பாலிருந்த கடற்கரையைப் பராமரித்து வந்தார் சந்தானகோபாலன். 1974-இல் அவருக்குப் பதவி உயர்வு உத்தரவோடு டெல்லியிலிருந்து சேஷாத்ரி வருவதாக இருந்தது. கரையைப் பளிச்சென்று காட்ட, ஒதுங்கிய கடல்பாசி முழுவதையும் அள்ளச் சொன்னார்.

"அதுதான் மணலைப் பிடிச்சு வெக்கறது ஸார். அதுல இருக்கற பூச்சிக்காகத்தான் உள்ளான் குருவி வரது," என்றாள் டைப்பிஸ்ட் அலமு.

"உள்ளானா எனக்குப் புரமோஷன் தரப்போறது?"

அள்ளி முடித்த மறுநாள் காலை அவர் அறை வாசலில் ஈரப்பாசி கோடாகக் கிடந்தது. பெருக்கினார்கள். அடுத்த நாள் கோடு மேஜையருகே இருந்தது.

"எந்த பெங்காலி பாபுவோ மீன் பையோட வந்திருக்கார்," என்றார் சந்தானகோபாலன்.

"பாசி கிடக்கற வரைக்கும் தண்ணி வந்திருக்குன்னு அர்த்தம் ஸார்."

"அள்ளியாச்சுன்னு ஃபைல்ல எழுதியாச்சு, அலமு. அப்புறம் பாசி ஏது?"

சேஷாத்ரி வந்த அன்று கோடு நாற்காலியைத் தாண்டிப் பின்சுவரோரம் கிடந்தது. சந்தானகோபாலன் மாலையோடு எழுந்து நின்றார். சேஷாத்ரி வாசலில் ஷூவைக் கழற்றினார். பேண்டைச் சுருட்டிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார், உடனே எடுத்துவிட்டார்.

"தண்ணி எத்தனை மணிக்கு வடியும்?"

"பதினொண்ணரைக்கு ஸார்," என்றாள் அலமு, கடிகாரத்தைப் பார்த்து.

தரை காய்ந்துதான் இருந்தது. சேஷாத்ரி பதவி உயர்வு உத்தரவை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.