தேவாலய வாசலில் லாய்டின் வண்டி

ஆஸ்திரேலியாவின் கூனம்பிள் ஊர்த் தேவாலய வாசலில் வெயில் ஏறுகிறது. லாய்டின் மோட்டார் சைக்கிளோடு பூட்டிய பக்கவண்டியில் அவருடைய சவப்பெட்டி இருக்கிறது. கல்லறைக்குப் புறப்பட மகள் பெரில் ஸ்டார்ட்டரை அழுத்துகிறாள். எஞ்சின் முக்கி முனகி மெதுவாகச் சுற்றி நின்றுவிடுகிறது. "பேட்டரி புதுசுதானே?" என்கிறார் அப்பாவின் நண்பர் மெர்வ். "நேத்துதான் மாத்தினேன் மாமா." மெர்வ் கறுப்புக் கோட்டோடு செம்மண்ணில் மண்டியிடுகிறார். பேட்டரியிலிருந்து வண்டிச் சட்டத்துக்குப் போகும் பழைய எர்த் வயரின் முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கழற்றி, பேனாக்கத்தியால் பளபளக்கச் சுரண்டி, மறுபடி முடுக்குகிறார். "போற அன்னிக்கும் என்னை மண்டி போட வச்சிட்டியேடா," என்று சவப்பெட்டியைத் தட்டுகிறார். யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொள்கிறார்கள். பெரில் அழுத்தியதும் எஞ்சின் ஒரே மூச்சில் உறுமுகிறது. கூட்டம் தொப்பிகளைக் கழற்றுகிறது. "கிளம்பும்மா." அவள் கிளட்சைப் பிடித்தபடியே இருக்கிறாள். "கொஞ்ச நேரம் இப்படியே ஓடட்டும் மாமா."