எந்தத் தலைப்பு வந்தாலும்

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"ஊழியர் தேடல் பக்கம் நீ எழுதினதுதானே? பேரு, பிரிவுன்னு ரெண்டு தலைப்புல மட்டும்தான் தேடணும். யாரோ 'பணிநீக்கம்'னு தலைப்பு கொடுத்துத் தேடியிருக்காங்க. ரகசியப் பட்டியல் மொத்தமும் கொட்டிடுச்சு!"

புரோகிராமர் சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். எந்தத் தலைப்பு வந்தாலும் சரிபார்க்காமல் டேட்டாபேஸுக்குத் தள்ளிவிட்டது அவன்தான். அந்தச் சோம்பேறித்தனத்தைச் சாமர்த்தியம் போல வீட்டில் பீற்றிக்கொண்டதும் அவன்தான்.

போன் அதிர்ந்தது. இதே ஆபீஸில் மூன்றாம் மாடியில் வேலை பார்க்கும் மனைவி. கட் பண்ணினான். மறுபடியும் அதிர்ந்தது. மறுபடியும் கட்.

"யாருன்னு பாரு. ஓட்டையை உடனே அடை."

யார் தேடினார்கள் என்று காட்டும் பதிவைத் திறந்தான். தேடியது மனைவியின் கம்ப்யூட்டர்!

'அடிப்பாவி, என் வேலைக்கே உலை வெச்சிட்டியே!'

"யாருன்னு தெரியலை சார்" என்று சமாளித்தான். அந்த இரண்டு தலைப்பைத் தவிர எது வந்தாலும் ஏற்காதபடி விறுவிறுவென்று மாற்றி எழுதினான்.

"அடைச்சாச்சு சார்."

"உன் வேலை எதுவும் பாக்கி இல்லையே?"

"இல்லை சார்."

"சபாஷ்." மேஜைமேல் ஒரு கவரை வைத்துவிட்டு மேனேஜர் வெளியேறினார்.

பாராட்டுக் கடிதமோ? நிம்மதியாகப் போனை எடுத்தான். மனைவியின் மெசேஜ் அரை மணி நேரமாகக் காத்திருந்தது.

"அவங்க என்ன கேட்டாலும் முடிச்சுக் கொடுத்துடாதீங்க. பட்டியல்ல முதல் பேரே உங்களோடதுதான்."